மூன்றாம் மாடியிலிருந்து கீழே

ஜூலை 9, புதன்

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த 'பழுது' என்ற காகிதம் நைந்து தொங்கிக்கொண்டிருந்தது. இன்று காலை ஒருவர் வந்து அதைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். அதே வார்த்தை, எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிது. லிஃப்டைப் பழுதுபார்க்க ஆள் கிடையாது. காகிதத்தைப் பழுதுபார்க்க ஆள் உண்டு.

இந்த ராணுவ மருத்துவமனையில் கால் போனவர்களை எல்லாம் மூன்றாம் மாடியில் கிடத்திவிட்டு, நடை பழக்கும் அறையைத் தரைத்தளத்தில் வைத்த மூளை யாருடையது? தினமும் இரண்டு வார்டு பையன்கள் வந்து ஒவ்வொருவராகப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். இன்று அவர்களும் வரவில்லை. முன்வாசலில் பேனர் கட்டப் போய்விட்டார்களாம். ஜன்னல் வழியே பார்த்தேன். 'எங்கள் வீரர்களுக்கு நகரத்தின் நன்றி.' மேயர் முகம் வண்டிச் சக்கரம் மாதிரி. ஓரத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், சுண்டைக்காய் அளவு.

என் புருஷன் எலிசியோ பயிற்சி உடுப்பைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து கட்டிலில் காத்திருந்தான். மதியம் ஆனதும் கழற்றி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். பதினைந்து வருஷம் படையில் இருந்தால் கோபத்தையும் கழற்றி மடித்து வைக்கப் பழகிவிடுமோ? எனக்குப் பழகவில்லை. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பயிற்சி தவறத் தவற முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போகும், அப்புறம் செயற்கைக்கால் பொருந்தாது. மலைப்பாதையில் புதைத்திருந்த குண்டு முழங்காலை விட்டுவைத்தது. இந்தப் படிக்கட்டு விட்டுவைக்காது போல.

ஜூலை 14, திங்கள்

மேடம் அர்னாயிஸ் வந்திருந்தார். வீரர்களுக்கு உதவும் சீமாட்டிகள் சங்கத்தின் தலைவி. நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். கீழே ஹாலில் மேடை போட்டுப் பை கொடுத்தார்கள். இறங்கி வர முடியாதவர்களுக்கு வீட்டுக்காரிகள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு. வாங்கினேன். பை மேலே அவர் படம். உள்ளே பிஸ்கட், துண்டு, பல்பொடி, ஒரு ஜோடி காலுறை.

காலுறை.

எங்கள் வார்டில் ஒரே ஆர்ப்பாட்டம். ஜோமாருக்கு இரண்டு காலும் தொடையோடு போய்விட்டது. மீசை இன்னும் ஒழுங்காக முளைக்காத பிள்ளை. காலுறை இரண்டையும் கையில் மாட்டிக்கொண்டு ஒன்றோடொன்று பேசவிட்டான். "என்னப்பா, எங்கே போயிட்டு வர்றே?" "எங்கேயும் போகலே மாப்ளே, லிஃப்ட் ஓடலே." எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், எலிசியோ கூட. ஜோமாரின் அம்மா பெர்பெத்துவா மட்டும் சிரிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவுகிறேன் என்று எழுந்து போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

கீழே இருந்தபோது மேடம் அர்னாயிஸிடம் லிஃப்டைப் பற்றிச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ பாவம். நான் வேண்டிக்கறேம்மா" என்றார்.

லிஃப்டுக்கு வேண்டுதலா, மெக்கானிக்கா?

ஜூலை 22, செவ்வாய்

ஜோமார் விழுந்துவிட்டான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில். படியைத் துடைத்திருந்த ஈரம் காயவில்லை. பின்னால் பிடித்திருந்த பையனுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி கவிழ்ந்தது. நான் எலிசியோவின் ஊன்றுகோலோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். விழுந்த சத்தம் அல்ல, அதற்கப்புறம் அவன் போட்ட சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. வலது பக்கத் தையல் முழுக்கப் பிரிந்துவிட்டது. பெர்பெத்துவா பாவாடையை மடக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்டு பையன் சுவரோரம் உட்கார்ந்து அழுதான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு ஆளைத் தூக்க அவனுக்கு எங்கே தெம்பு? அவனே ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறான்.

மறுபடியும் ஆபரேஷன். ஆறிக்கொண்டிருந்த புண்.

ஜூலை 23, புதன்

கர்னல் மொந்தானோவைப் பார்த்தேன். இந்த மருத்துவமனைக்கே தலைவர். ஏசி அறை, மேசையில் கண்ணாடிக்குள் ஒரு கப்பல் பொம்மை. "உட்காரும்மா, உட்காரு" என்றார். சிரித்த முகம்.

"லிஃப்டுக்கு எழுதியிருக்கு. அடுத்த வருஷ ஒதுக்கீட்டுலே வந்துடும்."

"அதுவரைக்கும் கீழேயே ஒரு வார்டு கொடுங்க சார். அலுவலகத்தை மேலே மாத்திக்கலாமே. உங்களுக்கெல்லாம் கால் இருக்கே."

சிரிப்பு கொஞ்சம் இறுகியது. ஃபைல் ஒன்றைத் திறந்து பார்த்தார், அல்லது பார்ப்பது போல் செய்தார். "சார்ஜண்ட் எலிசியோவோட மிசஸ் இல்லே நீங்க? அவர் விஷயம் தகுதிக் குழுவுக்கு வருது. படையிலேயே வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமான்னு. நல்ல பேர் வாங்கினவர். பயிற்சிப் பள்ளியிலே துப்பாக்கி சுடக் கத்துக்கொடுக்கிற வேலை கேட்டிருக்காராமே? ரொம்பப் பொருத்தம். நாமளே கெடுத்துக்கக் கூடாது பாருங்க."

நாமளே.

வெளியே வந்து படியேறும்போதுதான் புரிந்தது, அது மிரட்டல் என்று. அவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் என்னை மிரட்டியதில்லை.

ஜூலை 24, வியாழன்

எலிசியோவுக்குத் தெரிந்துவிட்டது. மருந்து கொடுக்க வந்த நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

"கர்னல்கிட்டே போனியா?"

"போனேன்."

"யாரைக் கேட்டுப் போனே?"

"ஜோமாரோட தையலைக் கேட்டுப் போனேன்."

வார்டு முழுக்கக் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "பெல், உனக்குப் புரியாது. முனகுறவன்னு ஒருத்தன் மேலே பேர் விழுந்துட்டா அதோட தீர்ந்துச்சு. கால் போன அன்னிக்கு ஹெலிகாப்டர் வர்றவரைக்கும் நான் முனகலே. எனக்கு இந்த வேலை வேணும். வேற என்ன தெரியும் எனக்கு? நீ வேலை பாக்கிற பஸ் ஸ்டாண்டுலே வந்து கடலை விக்கவா?"

"நீ முனகாததாலேதான் உன்னை மூணாம் மாடியிலே வெச்சிருக்காங்க. சத்தம் வராதவனை எங்கே வெச்சா என்ன?"

சொல்லியிருக்கக் கூடாதோ? சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். நானும் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து எதிர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அவன் முதுகுக்கும் என் முதுகுக்கும் நடுவில் ஒரு கட்டில். நாட்டையே காப்பாற்றுகிறவன், என்னை ஒரு கர்னலிடமிருந்து காப்பாற்ற மாட்டானா? இல்லை, அவன்தான் என்னிடமிருந்து எதையோ காப்பாற்றப் பார்க்கிறானா?

ஜூலை 31, வியாழன்

ஜோமார் இனிமேல் பயிற்சிக்கே வரமாட்டானாம். "இங்கேயே இருந்துக்கறேன்கா. ஜன்னல் இருக்கு, போதும்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரேடியோவில் பேசிவிட்டேன்.

டோடோங் நடத்தும் காலை நிகழ்ச்சி. இந்த நகரத்தில் மீன் கடையிலிருந்து ஆளேற்றும் ஜீப்னி வரைக்கும் அதுதான் ஓடும். நிலைய வாசலில் போய் நின்றேன், உள்ளே விட்டார்கள். மைக்கைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. எங்கள் ஊர் மலாய்பலாய் பஸ் நிலையத்தில் ஒன்பது வருஷமாக அறிவிப்புச் சொல்கிறவள் நான். "வலென்சியா, மராமாக், டான் கார்லோஸ் போறவங்க ஏறிக்கோங்க" என்று கத்தின தொண்டை. லிஃப்டைச் சொன்னேன், பிளாஸ்டிக் நாற்காலியைச் சொன்னேன், ஜோமார் விழுந்ததைச் சொன்னேன். காலுறையையும் சொன்னேன். எலிசியோ பெயரை எடுக்கவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நேயர்கள் பேசும் நாள். வார்டில் யாரோ ரேடியோவைப் பெரிதாக வைத்திருந்தார்கள். கேட்டோம்.

ஒருத்தன் சொல்றான், "சிப்பாய்னா கஷ்டப்படத்தானே சேர்றான்? தெரிஞ்சுதானே சேர்ந்தான்?" ஒரு பொம்பளை, "பரிசா வந்த காலுறையைக் கேலி பண்ணுறா பாருங்க, நன்றி கெட்டவ." ஒரு ஜீப்னிக்காரன், "என் வண்டியிலே 'வீரர்களை நேசிப்போம்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். இந்த மாதிரி ஆளுங்களைக் கேட்டா அதைக் கிழிச்சுப் போடணும்போல இருக்கு." கிழிச்சுப் போடுடா. உன் ஸ்டிக்கரைப் பிடிச்சுக்கிட்டா இவங்க மாடி ஏறுறாங்க? கொடி பிடிக்க ஆயிரம் பேர் வர்றீங்க. நாற்காலி பிடிக்க ஒருத்தன் வர்றானா?

கடைசியாக ஒரு ஆள். குரலில் சிரிப்பு. "அந்தப் பொம்பளை யாருன்னு எனக்குத் தெரியும். புருஷன் படுத்துட்டான், இனிமே பிரயோஜனம் இல்லேன்னு ஊர் பார்வையிலே பட அலையுது. அடுத்தது எவனாவது கிடைப்பான்."

யாரோ எட்டி ரேடியோவை அணைத்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எலிசியோ பார்த்தான். என்ன பார்வை என்று எழுதத் தெரியவில்லை. கோபம் என்று நினைத்தேன். என் மேலேயா என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. ஆனால் தினமும் ஜோமார் கட்டிலுக்கு நொண்டிக்கொண்டு போய் உட்கார்கிறான். கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லிக் கொடுக்கிறான். "இன்னும் ஒண்ணு. படுவா, இன்னும் ஒண்ணு." அந்தப் பிள்ளை திட்டிக்கொண்டே தூக்குகிறான். மற்ற கட்டில்களும் சேர்ந்துகொண்டன. என்ன பழக்குகிறான் என்று கேட்டேன். "கை பலம்" என்றான். ஒரு வாரத்தில் முதல் வார்த்தை அதுதான்.

ஆகஸ்ட் 20, புதன்

வீரர் தினத்துக்கு இங்கேயே விழா. ஜெனரல் வருகிறார், பதக்கம் குத்துகிறார், கேமராக்கள் வருகின்றன. முன்ஹாலில் வெள்ளையடித்து, லிஃப்ட் கதவுக்கு முன்னால் செடித்தொட்டிகளை வரிசையாக வைத்து மறைத்துவிட்டார்கள். தாமரைக்குளம் மாதிரி அழகாக இருக்கிறது.

மூன்றாம் மாடிக்கு வாய்மொழி உத்தரவு: விருந்தினர் வருவதற்கு முன்னால், விடியுமுன்பே, எங்கள் ஆட்களைத் தூக்கிக் கொண்டுபோய்க் கீழே உட்காரவைத்துவிடுவார்கள். விழா முடிந்து எல்லாரும் போன பிறகுதான் மேலே. அத்தனை நேரமும் உட்கார்ந்தே இருக்கவேண்டும், புண்ணோடு.

நான் கத்த ஆரம்பித்தேன். எலிசியோ கையைக் காட்டி நிறுத்தினான். "உத்தரவு வந்துச்சு இல்லே. விடு."

விடு. விடு. விடு. நான் எதைத்தான் விடலே?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாலையில் கூப்பிட்டான். "பெல், என் விழா உடுப்பை இஸ்திரி போட்டுடு. மடிப்பு கத்தி மாதிரி இருக்கணும்."

போட முடியாது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதற்குள் அவனே, "எல்லாரோடதையும் போடணும். பெர்பெத்துவா அம்மாவையும் கூப்பிட்டுக்க" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்களைத் தூக்கிட்டுப் போறதை யாரும் பார்த்துடக் கூடாதாம். திருட்டுச் சரக்கு இறக்குற மாதிரி இருட்டுலே இறக்குறாங்களாம். கால் போனதே நாங்க பண்ணின திருட்டு மாதிரி."

உடுப்பைக் கையில் எடுத்தேன். "என்ன பண்ணப் போறே?"

"உடுப்பு போடப் போறேன்."

பெர்பெத்துவா மகனுடைய கால்சட்டையின் கால்களை உள்ளே மடித்து ஊசி நூலால் தைத்தாள். தைக்கும்போது பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நன்றாகக் கேட்டுப் பார்த்தேன். கர்னலைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

எல்லாவற்றையும் எழுதவேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

இருட்டோடு வார்டு பையன்கள் நாற்காலியோடு வந்தார்கள். எல்லாரும் முழு உடுப்பில் கட்டில்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எலிசியோ மெதுவாகத்தான் சொன்னான். "தம்பிகளா, எங்களைத் தூக்கவேணாம். நாங்களே வந்துக்கறோம்."

"சார், எங்களுக்கு உத்தரவு சார்."

"எனக்கும் உத்தரவுதான். விழா தொடங்கும்போது ஹால்லே ஆஜராகணும். ஆஜராவோம். எந்த வழியாங்கிறது உத்தரவுலே இல்லே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அழுத பையன்தான் முதலில் நாற்காலியைக் கீழே வைத்தான்.

காத்திருந்தோம். விடிந்தது. கார்கள் வந்தன. கீழே பேண்டு வாசிக்க ஆரம்பித்தது. மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். படிக்கட்டு நேராக முன்ஹாலில்தான் இறங்குகிறது. ஜெனரலுக்கு மல்லிகை மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் அர்னாயிஸ், மேயர், கேமராக்கள், கர்னல் மொந்தானோ. கர்னல் எங்கள் காலி நாற்காலிகளைப் பார்த்து யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

எலிசியோ தரையில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் ஊன்றினான், உடம்பைத் தூக்கினான், ஒரு படி கீழே வைத்தான். மறுபடி ஊன்றினான். மார்பில் பதக்கங்கள் ஒன்றோடொன்று இடித்தன. அவனுக்குப் பின்னால் ஜோமார். அவனுக்குப் பின்னால் மற்ற எல்லாரும், வரிசையாக. படிக்கட்டு முழுக்க உட்கார்ந்தபடி ஒரு அணிவகுப்பு. பெர்பெத்துவா மகனுக்குப் பின்னாலேயே ஒவ்வொரு படியாக இறங்கினாள். இரண்டு கையும் அவன் தோளுக்கு மேலே விரித்தபடி, தொடாமல். நான் ஊன்றுகோல்களை எல்லாம் விறகுக்கட்டு மாதிரி அணைத்துக்கொண்டு கடைசியில் வந்தேன்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஜோமார் நின்றுவிட்டான். அதே இடம். முகம் வெளுத்துப்போயிற்று. எலிசியோ திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "இன்னும் ஒண்ணு, படுவா." அவன் கையை ஊன்றினான்.

முதலில் பார்த்தது பேண்டுக்காரன் ஒருவன். குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டான். அப்புறம் ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. கடைசி வளைவில் இறங்கும்போது ஹாலில் பேச்சே இல்லை. துணி படியில் உரசுகிற சத்தம் மட்டும். கேமராக்காரர்கள் ஜெனரலை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கர்னல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார், மறைக்கிற மாதிரி. எவ்வளவு பேரை ஒரு ஆள் மறைக்கமுடியும்?

எலிசியோ கடைசிப் படியில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து சல்யூட் அடித்தான். ஜெனரல் கிட்டே வந்தார். வயதானவர். பதில் சல்யூட் அடித்தார்.

"சார்ஜண்ட், உங்களைத் தூக்கிட்டு வர யாரும் வரலியா?"

"வந்தாங்க சார். நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"லிஃப்ட் ஓடாத நாள்லே எங்களுக்கு இந்தப் படிதான் சார் வழி. இன்னிக்கும் ஓடலே."

"எத்தனை நாளா ஓடலே?"

எலிசியோ தலையைத் திருப்பிக் கர்னலைப் பார்த்தான். "கர்னல் சாருக்குத் தெரியும் சார்."

ஜெனரல் நடந்துபோய்ச் செடித்தொட்டி ஒன்றைத் தன் கையாலேயே நகர்த்தினார். பின்னால் அந்தக் காகிதம். புது எழுத்தில். அழகாக.

மதியம் எலிசியோவின் உள்ளங்கைகளைக் கழுவினேன். தோல் உரிந்திருந்தது. "முனகமாட்டேன்னு சொன்னே?" என்றேன்.

"முனகினேனா? மாடி இறங்கினேன்."

ஆகஸ்ட் 27, புதன்

எல்லார் போனிலும் அந்தப் படிக்கட்டுதான் ஓடுகிறது. டோடோங் நிகழ்ச்சியில் இன்றைக்கு எல்லாரும் அழுகிறார்கள். போன தடவை திட்டின அதே ஊர். நாடகம் என்று சொன்னவனும் உண்டு. ஒரு நாள் வந்து நடித்துப் பாருடா.

மேடம் அர்னாயிஸ் வந்தார். மூன்று மாடியும் ஏறி வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வாசலில் நின்றார். "எங்கிட்டே ஏம்மா சொல்லலே?"

"சொன்னேன் மேடம். பை வாங்கும்போது சொன்னேன். வேண்டிக்கறேன்னீங்க."

சிவந்துபோனார். செருப்பைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப என்ன பண்ணணும்னு சொல்லு" என்றார். யாரும் இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. பதில் ஏராளமாக இருந்தது. இருட்டும்வரை உட்கார்ந்து கேட்டார். அடுத்த பையில் அவர் படமும் வேண்டாம் என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி

லிஃப்ட் ஓடுகிறது. அடுத்த வருஷ ஒதுக்கீடு, பத்து நாளில் வந்துவிட்டது. கர்னல் மொந்தானோ ரிப்பன் வெட்டினார். ஏற்கெனவே திட்டமிட்டிருந்த பணி என்று பேசினார். கை தட்டச் சொன்னார்கள். என் கைகள் மடியிலேயே இருந்தன.

ஜோமார் சாயங்காலம் முழுக்க மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருந்தான். நர்ஸ் திட்டினாள். "எங்கே போறே?" "எங்கேயும் இல்லே சிஸ்டர். சும்மா."

அக்டோபர் 2, வியாழன்

தகுதிக் குழு முடிவு. எலிசியோ படைப்பணிக்கு ஏற்றவன் இல்லை. அனுப்பிவிட்டார்கள்.

அதே மாதிரி முழங்காலுக்குக் கீழே கால் போன இரண்டு பேரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவனுக்குக் குறிபார்க்கவே வராது என்று எலிசியோவே சிரிப்பான். காரணம் கேட்டால் காரணம் சொல்லவேண்டிய அவசியம் இல்லையாம். தெரியும்டா காரணம். ஊருக்கே தெரியும். பதினைந்து வருஷம், ஒரு கால், ஒரு சல்யூட். முடிஞ்சது.

"என் வாயாலேதான்" என்று அழுதேன். அடக்கமுடியவில்லை.

"உன் வாயாலே இல்லே," என்றான். "என் பின்பக்கத்தாலே. அதுதான் படி இறங்குச்சு."

சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம் உடுப்பை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். வெளிச்சம் இருக்கிறவரைக்கும் கழற்றவில்லை. நான் கூப்பிடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மலாய்பலாய். காலையில் பஸ் நிலையத்தில் வேலை, மதியம் வீடு. ஊரில் இந்த வாரம் குளிர். எலிசியோவுக்குப் புதுக்கால் இன்னும் கடிக்கிறது. ஆனால் கழற்றுவதில்லை. ஜோமார் பயிற்சிக்குப் போகிறான் என்று பெர்பெத்துவா செய்தி அனுப்பியிருந்தாள்.

அடுத்த தீவிலிருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் கர்னல் மொந்தானோ மாற்றலாகிவிட்டார். பதவி உயர்வோடு. காலையில் பேப்பரில் போட்டிருந்தது. கோழியை வெட்டினேன், எரிச்சல் முழுக்க அதன்மேல்.

சமைத்துக்கொண்டிருக்கும்போது போன். தெரியாத எண். ஒரு பெண் குரல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல. புருஷன் சிப்பாயாம், இரண்டு கால், கர்னல் மாறிப்போன அதே மருத்துவமனையில்தான். கழிப்பறை வாசலில் படி, சக்கரநாற்காலி ஏறாது. கேட்டால் புதுத் தலைவர் சிரிக்கிறாராம், உட்காரும்மா என்கிறாராம். "படிக்கட்டு அக்காவோட நம்பர்னு சொன்னாங்க. யாருகிட்டே போறதுன்னு தெரியலேக்கா. அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு. முனகக் கூடாதும்பாரு."

அடுப்பைத் தணித்தேன். எலிசியோ குழம்புக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். குரல் அவனுக்கும் கேட்டிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான். போனைக் கொடுத்தேன்.

"அம்மா, சார்ஜண்ட் எலிசியோ பேசறேன். உங்க வீட்டுக்காரர்கிட்டே நான் பேசிக்கறேன், அதை விடுங்க. முதல்லே ஒண்ணு சொல்லுங்க," என்றான். "அந்தப் படி, முன்வாசல்லேருந்து பார்த்தாத் தெரியுமா?"